பதினைந்து இஞ்ச் இடத்தில் த்ரீ ஃபேஸ் டி.பி. உட்காருமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் பழைய வீட்டுக்கு முழு ரீவயரிங் நடக்கிறது. கீழும் மாடியும் சேர்த்து த்ரீ ஃபேஸ் சர்வீஸ். பழைய மெயின் போர்டு இருந்த இடத்தில் கதவு நிலவுக்கும் மூலைச் சுவருக்கும் நடுவே 15 இஞ்ச்தான் கிடைக்கிறது. 4 வே டி.பி.யை (சப்ளையைத் தனித்தனி சர்க்யூட்டாகப் பிரிக்கும் பெட்டி) அங்கேயே அமுக்கிவிடலாம் என்கிறார் எலக்ட்ரீசியன். சரிவருமா?

சரிவராதுங்க. நிலவு ஓரத்தைக் கொஞ்சம் செதுக்கிப் பெட்டியை இறக்கிவிடுவார், கதவும் மூடும், பார்க்க அழகாகக்கூட இருக்கும், ஆனால் உள்ளே ஒயர் திரும்ப இடம் இருக்காது. கணக்கைப் பாருங்கள். சிங்கிள் போல் எம்.சி.பி. (லோடு மீறினால் தானே விழும் சுவிட்ச்) ஒன்று கிட்டத்தட்ட 18 மி.மீ. அகலம். 4 வே டி.பி.என். (மூன்று ஃபேஸும் நியூட்ரலும் வரும்) பெட்டி என்றால் அட்டையில் 8+12 என்று போட்டிருக்கும். உள்ளே வரும் மெயினுக்கு 8 (மொத்த சப்ளையையும் நிறுத்தும் நாலு போல் ஐசொலேட்டருக்கு 4, கசிவு வந்தால் துண்டிக்கும் நாலு போல் ஆர்.சி.சி.பி.க்கு 4), வெளியே போகும் சர்க்யூட்டுக்கு ஃபேஸுக்கு நாலு வீதம் 12. ஆக 20, அதை ஒரே வரிசையில் வைத்தால் 360 மி.மீ. உங்கள் 15 இஞ்ச் என்பது 381. மிச்சமுள்ள 21 மி.மீ.க்குள் இரண்டு பக்கத் தகடு, ஒயர் வளைவு, சுவர்ப் பூச்சு எல்லாம் அடங்க வேண்டும். எங்கே அடங்கும்?

சும்மா நெருக்கடிதானே, அதனால் என்ன என்று தோன்றலாம். 6 ஸ்கொயர் (6 சதுர மி.மீ.) ஒயர் விறைப்பானது. அதைச் சட்டென்று மடித்து ஸ்க்ரூவில் மாட்டினால் அது எப்போதும் வெளியே வரத்தான் முட்டிக்கொண்டிருக்கும், லோடு ஏறும்போது சூடாகி, இறங்கும்போது ஆறி, மெல்ல ஸ்க்ரூ தளரும். சிங்கிள் ஃபேஸ் வீட்டில் மெயின் நியூட்ரல் லூஸானால் பெரும்பாலும் லைட் மினுக்கும், இல்லாவிட்டால் அணையும், அவ்வளவுதான். த்ரீ ஃபேஸில் அப்படி இல்லை. மெயின் நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் லோடைப் பொறுத்து 400 வரைக்கும்கூட ஏறும். டி.வி., ஃபிரிட்ஜ், வைஃபை பெட்டி எல்லாம் ஒரே நேரத்தில் போன வீடுகளை நம் பக்கம் கேட்டாலே சொல்வார்கள். அதனால் டி.பி.யில் நான் முதலில் பார்ப்பது நியூட்ரல் ஒயர்கள் வந்து சேரும் லிங்க்கைச் சுற்றி விரல் நுழைகிற இடம் இருக்கிறதா என்பதைத்தான்.

அப்படியானால் சர்க்யூட்டைக் குறைத்துச் சின்னப் பெட்டியாகப் போட்டுவிடலாமே என்பது அடுத்த யோசனையாக வரும். வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் "ஏனுங்க, எங்க காலத்துல ரெண்டு பீஸ் கட்டையிலதானுங்க மொத்த ஊடும் ஓடுச்சு" என்பார். ஓடியது உண்மைதான், அன்றைக்கு இருந்தது நாலு குண்டு பல்பும் ஒரு ரேடியோவும். இன்றைக்கு ஏசி, கீசர், வாஷிங் மெஷின், கிரைண்டர், இன்டக்ஷன் ஸ்டவ் என்று இருக்கும்போது இரண்டு ஏசியை ஒரே எம்.சி.பி.யில் கட்டினால் அது அடிக்கடி விழும், விழுகிறதே என்று யாராவது 32 ஆம்பியர் மாற்றிவைப்பார்கள், உள்ளே ஓடுவது 2.5 ஸ்கொயர் ஒயராகவே இருக்கும். தீப்பிடிக்கிற கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பெட்டிக்காக சர்க்யூட்டைக் குறைக்காதீர்கள்.

டி.பி.யைக் கீழே ஒன்று, மாடியில் ஒன்று என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இதுதான்.

மீட்டர் பக்கத்திலேயே மழை படாத இடத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதில் நாலு போல் 40 ஆம்பியர் எம்.சி.பி. மெயினாக. (சேங்ஷன் லோடைப் பொறுத்து இந்த 40 மாறலாம்.) அதிலிருந்தே மாடிக்குத் தனியாக ஒரு டபுள் போல் 32 ஆம்பியர் எம்.சி.பி., 6 ஸ்கொயரில் ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல், கூடவே எர்த். மாடியில் 2+6 சிங்கிள் ஃபேஸ் பெட்டி வைத்து, முதல் இரண்டு இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் மீதி ஆறில் மாடி சர்க்யூட்களும். இப்போது கீழே என்ன மிச்சம்? நாலு போல் ஆர்.சி.சி.பி.க்கு 4, ஃபேஸுக்கு மூன்றாக 9 சர்க்யூட், ஆக 13. அதாவது 234 மி.மீ. 14 வே (இங்கே 14 மாட்யூல் இடம்) பெட்டி ஒன்று வாங்கி, எம்.சி.பி.களுக்கு சப்ளை தரும் பட்டையான பஸ்பாரை ஃபேஸுக்கு ஒரு துண்டாக மூன்று வெட்டிப்போட்டால் உங்கள் 15 இஞ்சுக்குள் நிம்மதியாக உட்காரும். பெட்டியின் வெளி அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வே கணக்கில் மெயினையும் சேர்க்கிறவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு, அதனால் கடைக்குப் போகும்போது டேப்போடு போங்கள், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்றும் பாருங்கள். நிலவில் மோதினால் பாதிதான் திறக்கும்.

இதில் ஒன்று முக்கியம். மாடி லைனை கீழ் ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். அதற்குப் பின்னால் எடுத்தால் மாடி கீசரில் கசிவு வந்தாலும் கீழே இருப்பது சேர்ந்தோ முந்திக்கொண்டோ விழும், இரண்டு பெட்டி வைத்த பலனே போய்விடும். அப்புறம் ஆர்.சி.சி.பி. கசிவை மட்டும்தான் பார்க்கும், ஓவர்லோடைப் பார்க்காது, முன்னால் எம்.சி.பி. வேண்டும் என்பது அதனால்தான். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் ஆர்.சி.பி.ஓ. (எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றாகச் சேர்ந்தது) போடலாமா என்றால், நல்லதுதான், ஆனால் நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது இரண்டு மாட்யூல் (இரண்டு எம்.சி.பி.) அகலம், இடம் இரட்டிப்பாகிவிடும்.

மாடிப்படி லைட்டில் ஒரு கண் வையுங்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் என்று டூ வே போடுவார்கள், ஃபேஸைக் கீழிருந்தும் நியூட்ரலை மாடியில் பக்கத்தில் கிடைத்த ஒயரிலிருந்தும் எடுத்துவிடுவார்கள். பழைய பீஸ் கட்டை காலத்தில் ஒன்றும் தெரியாது. இப்போது ஒரு பெட்டி வழியாகப் போன மின்சாரம் இன்னொரு பெட்டி வழியாகத் திரும்புவது கசிவாகத் தெரிவதால், அந்த லைட்டைப் போட்டதும் இரண்டு ஆர்.சி.சி.பி.யும் டக்கென்று விழும், எங்கே கசிவு என்று நாள் முழுக்கத் தேடுவார்கள். இன்வெர்ட்டர் நியூட்ரலும் அதே தலைவலிதான். இன்வெர்ட்டரில் ஓடும் லைட், ஃபேன் நியூட்ரல்களுக்குத் தனிப் பார் வைக்கச் சொல்லுங்கள், அதற்கும் பெட்டிக்குள் இடம் வேண்டும் என்பதை முன்பே கணக்கில் எடுங்கள்.

இடத்தையே மாற்றலாமா என்று யோசித்தால் வாஸ்து பார்ப்பவர் அக்னி மூலையைக் காட்டுவார். அக்னி மூலையில் சமையலறை இருக்கும். நம் நாட்டு வயரிங் விதிகளோ சமையலறை, குளியலறை, கேஸ் அடுப்புக்கும் சிங்க்குக்கும் மேலே என்று எங்கும் டி.பி. கூடாது என்கின்றன. நான் விதியின் பக்கம். பூஜை அறை விளக்கு மாடமும் வேண்டாம், துணி அடுக்கும் சுவர் அலமாரியும் வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் நேராக நின்று கதவைத் திறக்க முடியுமென்றால் தாராளமாக வைக்கலாம். உயரம் தரையிலிருந்து 2 மீட்டருக்கு மேல் போகாமல் இருக்கட்டும்.

அந்த மூலைச் சுவர் 9 இஞ்சா நாலரை இஞ்சா என்று நீங்கள் எழுதவில்லை. நாலரை என்றால் உள்ளே பதிக்காதீர்கள், பின்பக்கம் ஒரு இஞ்ச் சுமார்தான் செங்கல் மிஞ்சும், அந்தப் பக்க அறையில் பூச்சு வெடிக்கும். சுவர் மேலேயே சர்ஃபேஸ் பெட்டி வைத்துக்கொள்ளலாம், அழகு குறையும், பரவாயில்லை. மேற்கு வெயில் நேராக அடிக்கும் சுவர் என்றால் இன்னொரு தடவை யோசியுங்கள். எம்.சி.பி.யின் ஆம்பியர் கணக்கு 30 டிகிரி வெப்பத்துக்கானது. ஈரோடு பக்கத்துச் சித்திரை வெயிலில், மூடிய பெட்டிக்குள், ஒன்றையொன்று ஒட்டி நிற்கும்போது போட்டிருப்பதைவிடக் குறைந்த லோடுக்கே விழும்.

போர் மோட்டார் ஸ்டார்ட்டரை இந்தப் பெட்டிகளோடு சேர்க்காமல் மீட்டர் பக்கம் தனியாக வைத்துவிடுங்கள். மீட்டருக்கு முந்தைய ஒயரையும் ஈ.பி. சீலையும் உங்கள் எலக்ட்ரீசியன் தொடக்கூடாது, பெட்டி மாற்றும் நாளில் ஈ.பி. ஆபீஸில் சொல்லி சப்ளையை நிறுத்திக்கொண்டு வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.