சண்டை வீரர்களிடையே ஊழியம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தில் நாலு பேர், குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த எம்எம்ஏ சண்டை கற்றுத்தரும் ஜிம்முக்குப் போகிறார்கள். ஒருவன் அமெச்சூர் சண்டைகளில் இறங்கியிருக்கிறான். மற்றவர்கள் அடி உதை இல்லாமல் பிடிபோட்டு மடக்கும் ஜிஜுட்சுவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சபைப் பக்கமே வராத வாலிபர்கள் அந்த ஜிம்மில் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடையே ஊழியம் தொடங்க வேண்டுமென்று எனக்குப் பாரம். ஆனால் மூப்பர் ஒருவர், "ஒருவன் முகத்தை ஒருவன் உடைக்கிறதுக்கு நாம ஜெபம் பண்ணி அனுப்புறதா?" என்று கேட்கிறார். வாலிபர்களோ, சபை மண்டபத்திலேயே மேட் போட்டுச் சண்டை நடத்தி, வருகிற கூட்டத்துக்குச் சுவிசேஷம் சொல்லலாம் என்கிறார்கள். சண்டைக்கு முன் எண்ணெய் பூசி ஜெபிப்பது, உபவாசம் இருப்பது, ஜெயித்தவனை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்பது என்று திட்டமும் போட்டுவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது, எதைச் செய்யக் கூடாது என்று எழுதுவீர்களா?

டி.

அன்புள்ள டி. அவர்களுக்கு,

மூப்பர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் ஜிம் வாசலை மிதிக்காதீர்கள். எம்எம்ஏவில் எதிராளியின் தலையில் அடிப்பது வெற்றிக்கான வழிகளில் ஒன்று, விபத்தாக நடப்பது இல்லை. 2005இல் கத்தோலிக்கத் துறவிகளான இயேசு சபையாரின் லா சிவில்தா கத்தோலிக்கா இதழ் தொழில்முறைக் குத்துச்சண்டையைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தக் கண்டனம் இங்கேயும் பொருந்தும். அதேசமயம் 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் நடந்த, எம்எம்ஏவின் பெரிய போட்டித் தொடரான யுஎஃப்சியின் முதல் போட்டியில் எடைப் பிரிவே கிடையாது. இன்று எடைப் பிரிவு உண்டு, கையுறை கட்டாயம், பின்மண்டையில் அடிக்கத் தடை. தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டினால் சண்டை நின்றுவிடும். தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவனை நடுவர் பாய்ந்து காப்பாற்றியாக வேண்டும். ஜிஜுட்சுவோடு நிற்பவர்களுக்குத் தலையடிப் பிரச்சினை வெகு குறைவு என்பதையும் மூப்பரிடம் சொல்லுங்கள். என் நிலைப்பாடு இது: இந்த விளையாட்டுக்குச் சபை ஆசீர்வாதம் கொடுக்க வேண்டியதில்லை, அதில் இருக்கிறவர்களைக் கைவிடவும் கூடாது.

அதனால்தான் வாலிபர்களின் திட்டம் வேண்டாம் என்கிறேன். 2010 வாக்கில் அமெரிக்காவில் சில சபைகள் இதைச் செய்தன. வாலிபரை இழுக்கத் தாங்களே எம்எம்ஏ அணி வைத்தார்கள், சண்டை ஒளிபரப்பைக் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள். கூட்டம் வந்தது உண்மைதான். ஆனால் சண்டை நடத்துகிறவரே மேய்ப்பராகவும் இருந்தால், மூன்றாவது நாக்அவுட்டுக்குப் பிறகு "தம்பி, போதும், நிறுத்திக்கோ" என்று அடிபட்ட வீரனிடம் சொல்ல யார் மிச்சமிருப்பார்கள்? அவன் சண்டை போட்டால்தான் ஊழியம் நடக்கும் என்ற நிலைக்கு நீங்கள் வந்துவிடக் கூடாது. போட்டி நடத்துபவரிடம் ஒரு பைசா வாங்காதீர்கள். சண்டையின்போது வீரனுக்கு உதவுகிறவர்கள் நிற்கும் கார்னரில் பயிற்சியாளரின் ஆளாகவும் நிற்காதீர்கள்.

தொடக்கம் ஜிம் உரிமையாளரிடம். யார் நீங்கள், எந்தச் சபை, என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். பயிற்சி நேரத்தில் பிரசங்கம் கிடையாது, துண்டுப்பிரதி கிடையாது என்று நீங்களே முந்திக்கொண்டு வாக்குக் கொடுங்கள். உங்களில் ஒருவராவது வாரம் இரண்டு வகுப்புக்குப் பணம் கட்டிச் சேர்வது நல்லது. ஸ்பாரிங் எனும் பயிற்சிச் சண்டை தேவையில்லை, பிடிபோட்டுப் பழகும் கிராப்ளிங் டிரில் போதும். நகம் வெட்டியிருக்க வேண்டும். செருப்போடு மேட்டிலும், வெறுங்காலோடு கழிப்பறையிலும் கால் வைக்கக் கூடாது. தோலில் படர்தாமரையோ சீழ்க்கொப்புளமோ இருந்தால் ஆறும்வரை மேட் பக்கம் போகவே கூடாது, ஒருவரிடமிருந்து ஜிம் முழுக்கப் பரவிவிடும். இந்த மூன்றில் ஒன்றைத் தவறவிட்டவர் பேச்சை அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். மூன்று மாதமாவது இப்படிப் போய் முகம் பழகிய பிறகு, சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் விருப்பமுள்ளவர்களோடு இருபது நிமிட வேதபாடம் கேட்டுப் பாருங்கள். நாலைந்து பேர் வந்தாலே அதிகம். களைத்த உடம்பு அதற்கு மேல் உட்காராது.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் இருந்தால் பெரியவர் இருவர் எப்போதும் கூட இருக்க வேண்டும். தனியறைப் பேச்சோ தனி மெசேஜோ கூடாது, பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீராங்கனைகளுக்குச் சகோதரி ஒருவர்தான் போக வேண்டும். இதில் விதிவிலக்கு வேண்டாம்.

அடுத்தது, வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு வாரம்: எடை குறைக்கும் வாரம். லைட்வெயிட் பிரிவின் எல்லை 70.3 கிலோ. அதில் சண்டையிடுகிறவர் சாதாரண நாளில் 78, 80 கிலோ இருப்பது வழக்கம். சில கிலோவை உணவைக் குறைத்து இறக்குவார்கள். கடைசி நாளில் இறக்குவது பெரும்பாலும் தண்ணீர்தான். வெந்நீர்த் தொட்டி, சானா, வியர்வை உடை என்று உடம்பைப் பிழிந்து, மறுநாள் காலை தராசில் ஏறுவார்கள். 2015 டிசம்பரில் மணிலாவில் 'ஒன் சாம்பியன்ஷிப்' என்ற எம்எம்ஏ நிறுவனத்தின் போட்டிக்காக இப்படி எடை குறைத்த சீன வீரர் யாங் ஜியான்பிங் இறந்துபோனார். வயது 21. அதன் பிறகே அந்த நிறுவனம் உடலின் நீர்ச்சத்தைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது.

ஆகவே சண்டை வாரத்தில் உபவாச ஜெபம் என்ற பேச்சே எடுக்காதீர்கள். "நாங்களும் உன்னோடு உபவாசம்" என்று ஆதரவாகச் சொல்வதுகூட ஆபத்து. பசியையும் தாகத்தையும் ஆவிக்குரிய வெற்றியாக அவன் எண்ணத் தொடங்கினால், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தமாட்டான். வியர்வை நின்றுபோவது, பேச்சு குழறுவது, எழுந்தால் தலைசுற்றி விழுவது, ஆள் தெரியாமல் பேசுவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஜெபத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். எடை எல்லைக்குள் வராமல் போனால் பணம்தான் போகும். பலரும் உடம்பிலோ ஷார்ட்ஸிலோ எழுதிக்கொள்ளும் வசனம் பிலிப்பியர் 4:13, "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு." அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்று தொடங்குகிற அந்த வசனம் ஜெயிப்பதற்கு எந்த வாக்குறுதியும் தரவில்லை. சண்டைக்கு முன்பே இதைப் படித்தவன் தோற்ற இரவில் தேவன் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று நினைக்கமாட்டான்.

எண்ணெய் பூசுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சண்டை நாளில் வேண்டவே வேண்டாம். உடம்பிலோ முடியிலோ எண்ணெய்ப் பசை இருந்தால் எதிராளியின் பிடி வழுக்கும், அது விதிமீறல். முகத்தில் மட்டும், அதுவும் சண்டை நடக்கும் கம்பிவலைக் கூண்டுக்குள் நுழையும் நேரத்தில் அதிகாரிகளின் கண்முன்னே, வாஸலின் தடவ அனுமதி உண்டு. 2009 ஜனவரியில் யுஎஃப்சி 94 போட்டியில் வீரர் ஜார்ஜ் செயின்ட் பியரின் கார்னர் ஆள் வாஸலின் தடவிய கையால் அவர் முதுகைத் தொட்டார் என்று எதிராளி பி. ஜே. பென் தரப்பு, சண்டைப் போட்டிகளைக் கண்காணிக்கும் நெவாடா மாநில ஆணையத்தில் புகார் கொடுத்தது. அந்த விவகாரம் பல மாதம் பேசப்பட்டது. உங்கள் விரல்நுனி எண்ணெய்க்காக ஒருவனுடைய வெற்றி சந்தேகத்துக்கு ஆளாகக் கூடாது. பூசித்தான் ஜெபிக்க வேண்டுமென்றால் முந்தின நாள் எடை பார்த்து முடிந்த பிறகு, குளிப்பதற்கு முன், நெற்றியில் பூசுங்கள்.

கை வைத்து ஜெபிப்பதிலும் கவனம் வேண்டும். கையில் துணிக்கட்டும் டேப்பும் சுற்றுவதை ஆணைய அதிகாரி கூட நின்று பார்ப்பார், சரியாக இருந்தால் அதன் மேல் கையெழுத்திடுவார். அதற்குப் பிறகு அந்தக் கையைத் தொடாதீர்கள், பேனாவால் வசனம் எழுதாதீர்கள். தோள்மேல் கை வைத்தால் போதும். சிலுவைச் சங்கிலியைக் கழற்றிவிட வேண்டும், கூண்டுக்குள் நகைக்கு இடமில்லை. தண்ணீர், ஜூஸ், சத்துமாத்திரை எதையும் உங்கள் கையால் கொடுக்காதீர்கள். ஊக்கமருந்துச் சோதனையில் என்ன அகப்பட்டாலும், யார் கொடுத்தது என்பதைப் பார்க்காமல் வீரரே பொறுப்பாளி ஆவார்.

ஜெபத்துக்கு நல்ல நேரம் கை கட்டி முடித்து, வார்ம்அப் தொடங்குவதற்கு முன்னால் வரும் இடைவெளி. ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உடம்பு சூடேறிய பிறகு அவனை நிறுத்திக் கண்ணை மூடச் சொன்னால் பயிற்சியாளர் அடுத்த முறை உங்களை உள்ளே விடமாட்டார், அவர் செய்வதும் சரியே. அதே அறையில் வேறு வீரர்களும் இருப்பார்கள், குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். வெற்றிக்காக ஜெபிக்காதீர்கள். இருவரும் சுகமாக வீடு திரும்பவும், அவன் பயமில்லாமலும் குரோதமில்லாமலும் இருக்கவும் கேளுங்கள். எதிர் அறையில் இருப்பவனும் விசுவாசி என்றால் அங்கேயும் போய் அதே ஜெபத்தை அதே வார்த்தைகளில் செய்யுங்கள். செய்ய மனம் வரவில்லை என்றால் நீங்கள் கட்சி சேர்ந்துவிட்டீர்கள்.

இனிதான் உங்கள் உண்மையான வேலை. ஜெயித்தவனைச் சுற்றி ஆள் இருக்கும். தோற்றவனிடம் போங்கள். பல ஒப்பந்தங்களில் களமிறங்கியதற்கு ஒரு தொகை, ஜெயித்தால் அதே அளவு இன்னொரு தொகை. தோற்றவன் கைக்குப் பாதிதான் வரும், பயிற்சியாளர் பங்கும் முகாம் செலவும் அதிலேயே கழியும். முதலில் மருத்துவர் பார்க்கட்டும். பிறகு அவன் அருகே உட்காருங்கள், பேச்சு அதிகம் வேண்டாம். "தேவனுக்கு வேறே திட்டம் இருக்கு" என்ற வாக்கியத்தை அன்றிரவு சொல்லாதீர்கள். 1 இராஜாக்கள் 19இல் சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியாவிடம் தூதன் உபதேசம் பண்ணவில்லை. சாப்பிடச் சொன்னான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அந்த வரிசையை அப்படியே பின்பற்றலாம்.

தலையில் அடிபட்டிருந்தால் முதல் இரவு அவனைத் தனியாக விடாதீர்கள். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, கை கால் தளர்வது, எழுப்பினால் எழாமை: இவை மூளைக்குள் இரத்தம் கசிவதன் அறிகுறிகளாக இருக்கலாம், உடனே மருத்துவமனை. அவனை வண்டியோட்ட விடாதீர்கள். மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் கொடுக்காதீர்கள், அவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும்.

அடுத்து வருவது மருத்துவ இடைநிறுத்தம், அதாவது அடிபட்டவன் சில காலம் சண்டையிடக் கூடாது என்ற ஆணையத்தின் தடை. ஆணையத்துக்கு ஆணையம் மாறும். தலையடியால் சண்டை நிறுத்தப்பட்டால் 30 நாள், நினைவு தப்பினால் 60 நாளோ அதற்கு மேலோ என்பது பரவலான அளவு. அந்த நாட்களில் ஸ்பாரிங் கிடையாது. ஜிம்முக்குப் போகாத வீரனுக்கு நண்பர்களும் இல்லை, நாள் ஒழுங்கும் இல்லை, வருமானமும் இல்லை. மனச்சோர்வும் குடியும் வலி மாத்திரைப் பழக்கமும் நுழைகிற நேரம் அதுதான். அமெரிக்க வீரர் ஜஸ்டின் ரென் தன் மனச்சோர்வையும் போதைப் பழக்கத்தையும் வெளிப்படையாகப் பேசியவர். விசுவாசத்துக்கு வந்தபின் ஐந்து ஆண்டு கூண்டை விட்டு விலகியிருந்து, காங்கோ மழைக்காட்டின் பிக்மி மக்களுக்குக் கிணறு வெட்டும் பணியில் இறங்கினார். இடைநிறுத்தத்தில் இருக்கிற வீரனை வாரம் இரண்டு முறை போய்ப் பாருங்கள், ஒரு நாள் சாப்பிட, ஒரு நாள் நடக்க. எரிச்சல், தூக்கமின்மை, மறதி, அழுகை ஆகியவை மூளை அதிர்ச்சியின் பின்விளைவாக இருக்கலாம். தயவுசெய்து அதைப் பிசாசு என்று பெயரிட்டுத் துரத்தக் கிளம்பாதீர்கள். சாக வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், நீங்களும் கூட இருங்கள்.

"ஸ்பாரிங்ல நினைவு போச்சு, டாக்டர்கிட்ட சொல்லாதீங்க" என்று ஒருவன் உங்களிடம் ஒருநாள் நிச்சயம் சொல்வான். இரகசியம் காப்பது ஊழியத்தின் உயிர், ஆனால் இந்த இரகசியம் உயிரைக் குடிக்கும். ஆறாத மூளையில் விழும் இரண்டாவது அடி சிறியதாக இருந்தாலும் கொல்லலாம். "நீயே போய்ச் சொல், நான் கூட வருகிறேன். சொல்லாமல் கூண்டுக்குள் போகிறவனுக்கு நான் ஜெபித்து அனுப்பமாட்டேன்" என்று சொல்லுங்கள். அவன் மறுத்து, சண்டை நெருங்கினால், நீங்கள் மருத்துவரிடம் சொல்வீர்கள் என்பதையும் அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மற்றபடி வாயை இறுக மூடிக்கொள்ளுங்கள். "தம்பியின் முழங்காலுக்காக ஜெபியுங்கள்" என்று சபை வாட்ஸ்அப் குழுவில் போடும் ஒரு வரி எதிரணிக்குப் போனால், முதல் ரவுண்டிலேயே அந்த முழங்காலுக்குத்தான் உதை விழும். பந்தயம் கட்டுகிறவர்களுக்கும் அது பணம். 2022இல் யுஎஃப்சி தன் வீரர்களும் பயிற்சியாளர் உள்ளிட்ட உள்வட்டத்தினரும் யுஎஃப்சி சண்டைகளில் பந்தயம் கட்டத் தடை போட்டது. ஜெபக் குறிப்பில் பெயரும் காயமும் வேண்டாம்.

கடைசியாக அந்தச் சாட்சி மேடை. ஜெயித்த வாரம் ஏற்றாதீர்கள். அடுத்த சண்டையில் அவன் தோற்றால் சபைக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாகும், அவனுக்குச் சபைக்கு வரக் கூச்சமாகும். ஒரு தோல்வியையும் ஒரு இடைநிறுத்தத்தையும் உங்களோடு கடந்த பிறகு, அவனே கேட்டால் பேசட்டும். சண்டை வீடியோ போட வேண்டாம்.

இந்த மாதம் உரிமையாளரைப் பாருங்கள், போகும்போது மூப்பரையும் அழைத்துப் போங்கள். அவர் ஒரு பயிற்சி வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும். பார்த்த பிறகும் அவர் மறுப்புச் சொன்னால், என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.