‘தகப்பனையும் தாயையும் வெறுக்காவிட்டால்...’ லூக்கா 14:26 குடும்பத்தை விட்டுவிடச் சொல்கிறதா?

கேள்வி இதுதான்: கேட்டவர் இந்துக் குடும்பத்தில் பிறந்து இயேசுவை ஏற்றுக்கொண்டவர். வீட்டில் அம்மாவும் அண்ணனும் இருக்கிறார்கள். அப்பாவின் வருடத் திதி வரப்போகிறது. சபையில் சிலர் லூக்கா 14:26-ஐக் காட்டி, ‘வீட்டை விட்டு வந்துவிடு’ என்கிறார்கள். பத்துக் கட்டளையோ தாய் தகப்பனைக் கனம்பண்ணச் சொல்கிறது. எதைக் கேட்பது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டாருக்குச் சோறு போடுவது, வைத்தியம் பார்ப்பது, முதுமையில் கூட இருப்பது ஆகிய கடமைகளை வேதம் எந்த இடத்திலும் தள்ளுபடி செய்யவில்லை. ‘நீ யாரை வணங்க வேண்டும்’ என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை மட்டும் வீட்டாரிடமிருந்து எடுத்துவிடுகிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் எல்லாச் சிக்கலும் ஆரம்பிக்கிறது. விசுவாசத்தின் பேரில் பராமரிப்பை நிறுத்துகிறவர்கள் உண்டு. பாசத்தின் பேரில் விசுவாசத்தை அடமானம் வைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. முதல் கூட்டத்துக்கு வேதத்தில் ஆதாரம் கிடையாது.

லூக்கா 14:26-ஐ வாசிக்கும்போது 25-ஆம் வசனத்தில் தொடங்கி 33 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். எருசலேமை நோக்கிப் போகிற வழியில் திரளான ஜனங்கள் கூடவே வருகிறார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் இயேசு திரும்பிப் பேசுகிறார். பட்டியலில் தகப்பன், தாய், மனைவி, பிள்ளைகள், சகோதரர், சகோதரிகள் எல்லோரும் வந்த பிறகு கடைசியாக ஒன்று வருகிறது: ‘தன் ஜீவனையும்’. பிரசங்கங்களில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். பெற்றோரிடம் பகை காட்டு என்று இந்த வசனத்துக்குப் பொருள் சொல்பவர், அதே மூச்சில் தன் உயிரையும் பகைத்துக்கொள்ள வேண்டும். அப்படி யாரும் செய்வதில்லை. இதே போதனை மத்தேயு 10:37-இல் ‘என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்’ என்ற வடிவில் இருக்கிறது. யாருக்கு முதலிடம் என்பதுதான் இரண்டு இடத்திலும் கேள்வி. அதற்காக வசனத்தின் காரத்தை நான் குறைக்கவில்லை. இரண்டு பேர் எதிரெதிராக இழுக்கும்போது இயேசுவின் பக்கம் போ என்பது கடினமான சொல்தான். அது கடினமாகவே இருக்கட்டும்.

மத்தேயு 10:35, 36-ஐயும் கூடவே பார்க்க வேண்டும். மகன் தகப்பனுக்கும், மகள் தாய்க்கும், மருமகள் மாமிக்கும் விரோதமாகும் அந்தக் காட்சி மீகா 7:6-இலிருந்து வருகிறது. மீகா தீர்க்கதரிசி அங்கே கட்டளை எதுவும் போடவில்லை, நாடு கெட்டுக் கிடப்பதைப் பார்த்துப் புலம்புகிறார். மீகாவிலும் மத்தேயுவிலும் இளையவர்கள்தான் மூத்தவர்களை எதிர்க்கிறார்கள். லூக்கா 12:53-இலோ தகப்பன் மகனுக்கு, மகன் தகப்பனுக்கு, மாமி மருமகளுக்கு, மருமகள் மாமிக்கு என்று இரு பக்கமும் சொல்லப்படுகிறது. ஐந்து பேர் உள்ள வீட்டில் மூன்று பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் ஒரு பக்கம். விசுவாசம் வந்த வீட்டில் என்ன நடக்கும் என்ற எச்சரிக்கை இது. ‘போய்ச் சண்டை போடு’ என்ற அனுமதிச் சீட்டாக இதைக் காட்டுவது தவறு.

இப்போது பணம். இதைத்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் இயேசு நேரடியாகக் கோபப்பட்ட விஷயம் இது. மாற்கு 7:9 முதல் 13 வரை வாசியுங்கள். தன் பொருளை ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று ஒருவன் நேர்ந்துவிட்டால், அதைக்கொண்டு தாய் தகப்பனுக்கு உதவ வேண்டியதில்லை என்று அன்றைய சில போதகர்கள் விட்டுக்கொடுத்தார்கள். ‘உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள்’ என்பது அவர்களுக்கு இயேசு கொடுத்த பதில். அங்கே அவர் மேற்கோள் காட்டுவது உங்களைக் குழப்புகிற அதே கட்டளையைத்தான்: உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக. ஆக அந்தக் கட்டளையில் கனம்பண்ணுவது என்பதற்குள் கையிலிருந்து காசு போவதும் அடக்கம்.

நடைமுறையில் இதன் பொருள்: அம்மாவின் சுகர் மாத்திரைக்கும் வீட்டு வாடகைக்கும் நீங்கள் கொடுத்துவந்த தொகை, ஞானஸ்நானம் எடுத்த மாதத்திலும் அப்படியே போக வேண்டும். அந்தத் தொகையை வெட்டி, சபைக்குத் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுத்தால் நீங்கள் செய்வது கொர்பான். முதலில் வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதை ஒதுக்குங்கள், பிறகு காணிக்கை. 1 தீமோத்தேயு 5:8 இதைவிடக் கடுமையானது: தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன், அவிசுவாசியிலும் கெட்டவன். அதற்கு முன்பு 4-ஆம் வசனத்தில், பெற்றோர் செய்த நன்மைகளுக்குப் பதில் செய்யப் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார் பவுல். மதம் மாறிய மகன் காசு அனுப்புவதை நிறுத்திவிட்டான் என்பதைவிட மோசமான சாட்சி எந்தத் தெருவிலும் கிடையாது.

‘சீஷர்கள் எல்லாவற்றையும் விட்டு வந்தார்களே’ என்று கேட்பார்கள். வந்தார்கள். எப்படி வந்தார்கள் என்று பாருங்கள். யாக்கோபும் யோவானும் தங்கள் தகப்பன் செபெதேயுவைப் படவிலே ‘கூலியாட்களோடு’ விட்டுப் போனார்கள் (மாற்கு 1:20). தொழில் நடந்தது, அப்பா அநாதையாகவில்லை. அவர்களுடைய தாயே பிறகு இயேசுவோடு வந்து, சிலுவையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்ற பெண்களில் ஒருத்தியாக இருக்கிறாள் (மத்தேயு 27:55, 56). பேதுரு வலையை விட்ட அதே அதிகாரத்தில், அவர் வீட்டில் ஜுரமாய்க் கிடந்த மாமியாரை இயேசு குணமாக்குகிறார். பல வருடம் கழித்தும் பேதுரு மனைவியோடுதான் பயணம் போகிறார் (1 கொரிந்தியர் 9:5).

‘மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்’ என்ற லூக்கா 9:60-ஐச் சொல்லி அப்பா அம்மாவின் சாவுக்கே போகாதவர்கள் இருக்கிறார்கள். அது ஒருவரை நேரடியாக அழைத்தபோது அவருக்குச் சொன்ன பதில். அதே லூக்கா, இயேசுவின் உடலைக் கேட்டு வாங்கி அடக்கம்பண்ணிய அரிமத்தியா ஊர் யோசேப்பை உத்தமன், நீதிமான் என்கிறார். விசுவாசத்துக்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானைத் தேவபக்தியுள்ளவர்கள் எடுத்து அடக்கம்பண்ணி மிகவும் துக்கங்கொண்டாடியதையும் அவரே எழுதுகிறார் (அப்போஸ்தலர் 8:2). சாவு வீட்டுக்குப் போங்கள். பாடையைத் தூக்குங்கள்.

அடுத்து திதி. இங்கே உதவுகிற இடங்கள் இரண்டு. 2 இராஜாக்கள் 5:18, 19-இல் சீரிய தளபதி நாகமான், இஸ்ரவேலின் தேவனை ஏற்றுக்கொண்ட பிறகு ஒரு சங்கடத்தைச் சொல்கிறான்: என் ராஜா என் கைமேல் சாய்ந்துகொண்டு ரிம்மோன் என்ற சீரிய தெய்வத்தின் கோவிலுக்குள் போகும்போது நானும் குனிய வேண்டிவரும், கர்த்தர் மன்னிப்பாராக. தீர்க்கதரிசி எலிசா அவனைத் திட்டவில்லை, ‘சமாதானத்தோடே போ’ என்கிறார். இரண்டாவது, 1 கொரிந்தியர் 10. கடையில் விற்கும் எதையும் வாங்கிச் சாப்பிடலாம். அவிசுவாசி விருந்துக்குக் கூப்பிட்டால் போய், வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடலாம். ‘இது படைத்தது’ என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவருக்காக விலகிக்கொள்ள வேண்டும். ஆனால் வழிபாட்டிலேயே பங்கெடுப்பதை 21-ஆம் வசனம் தடுக்கிறது.

இதை உங்கள் வீட்டு அளவுக்குக் கொண்டுவந்தால் இப்படி அமையும். அரிசி, காய்கறி, சமையல் கூலியில் பங்கு கொடுப்பது, பந்தி பரிமாறுவது, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, ஏழைகளுக்கு அப்பா பேரில் சாப்பாடு போடுவது எல்லாம் மகன் செய்ய வேண்டியவை, தடையே இல்லை. பிண்டம் வைப்பது, எள்ளும் தண்ணீரும் இறைப்பது வழிபாட்டுக்குள் வருபவை என்றுதான் பெரும்பாலான சபைகள் கருதுகின்றன. உங்கள் வீட்டில் அண்ணன் இருக்கிறார், வழக்கப்படி அவர்தான் செய்யப்போகிறார். ஒரே மகனாக இருந்தால் பங்காளிகளில் ஒருவரைக் கேட்க வேண்டிவரும், அது கஷ்டமான பேச்சு.

கெட்டுப்போவது பெரும்பாலும் நேரத்தால். புரோகிதர் வந்து உட்கார்ந்த பிறகு, சொந்தக்காரர்கள் முன்னால், ‘நான் செய்யமாட்டேன்’ என்று சொன்னால் அம்மாவுக்கு அது அவமானம். அதற்குப் பிறகு நீங்கள் எந்த வசனம் சொன்னாலும் காதில் ஏறாது. சில வாரம் முன்னாடியே, தனியாக, இப்படிச் சொல்லிவிடுங்கள்: ‘அம்மா, அப்பா திதிக்கு என் பங்குச் செலவை நான் தர்றேன். அன்னைக்கு லீவு போட்டுட்டு வந்துடுவேன். பிண்டம் மட்டும் அண்ணன் வைக்கட்டும். நான் அப்பாவை மறந்துட்டேன்னு மட்டும் நினைச்சுடாதீங்க.’ அங்கே பிரசங்கம் வேண்டாம். அவிசுவாசியான கணவரை ‘போதனையின்றி’ நடக்கையினாலேயே ஆதாயப்படுத்தலாம் என்று 1 பேதுரு 3:1 மனைவிமாருக்குச் சொன்னது மகனுக்கும் பொருந்தும்.

எது வழக்கம், எது வழிபாடு என்ற இந்த வழக்கு நம் ஊரில் பழையது. 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குருவான ராபர்ட் தெ நொபிலி, பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைக் குல அடையாளமாகக் கிறிஸ்தவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று வாதாடினார். 1623-இல் போப் 15-ஆம் கிரகோரி நிபந்தனைகளோடு அதை அனுமதித்தார். இன்றும் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகள் கோடு கிழிக்கும் இடம் வேறு வேறு. உங்கள் சபையின் கோடு எங்கே என்று பாஸ்டரிடம் திதிக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

லூக்கா 14-க்குத் திரும்புவோம். அந்த வசனத்தை அடுத்து வருவது இரண்டு கணக்குகள்: கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைப் பார்க்கிறான், பதினாயிரம் பேரை வைத்திருக்கும் ராஜா, இருபதினாயிரம் பேரோடு வருகிறவனை எதிர்க்க முடியுமா என்று யோசிக்கிறான். இந்தியாவில் நீங்கள் பார்க்க வேண்டிய கணக்கும் இருக்கிறது. ‘மதம் மாறினால் சொத்தில் பங்கில்லை’ என்ற மிரட்டல் அப்படியே உண்மை இல்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, மாறியவருக்கு மாற்றத்துக்குப் பிறகு பிறக்கும் பிள்ளைகளைத்தான் இந்து உறவினர்களின் சொத்துக்கு வாரிசாக விடாமல் தடுக்கிறது, மாறியவரைத் தடுக்கவில்லை. சுய சம்பாத்தியத்தை உயில் எழுதி வேறொருவருக்குக் கொடுப்பது தனி விஷயம். இந்து முறைப்படி திருமணமானவர் என்றால், மதம் மாறுவதை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டும் உரிமை துணைக்கு உண்டு. துணை சேர்ந்து வாழச் சம்மதித்தால் விசுவாசி பிரியக் கூடாது என்று பவுல் தெளிவாக எழுதியிருக்கிறார் (1 கொரிந்தியர் 7:12, 13). பட்டியல் சாதியினருக்கு, 1950-ஆம் ஆண்டு உத்தரவின்படி கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது அவிசுவாசம் ஆகாது. அந்த உவமைகள் செய்யச் சொல்வதே அதைத்தான்.

வீட்டார் மனசு மாற எவ்வளவு காலம் ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். இயேசுவின் வீட்டாரே அவரை ‘மதிமயங்கியிருக்கிறான்’ என்று பிடித்துக்கொண்டுபோக வந்தார்கள் (மாற்கு 3:21). சகோதரர் அவரை விசுவாசிக்கவில்லை என்கிறது யோவான் 7:5. வீட்டார் வெளியே நின்று கூப்பிட்டபோது அவர் எழுந்து போகவில்லை. சிலுவையில் தொங்கும்போதோ தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்து, அவள் தங்க வீட்டுக்கு வழிசெய்துவிட்டே சாகிறார். உயிர்த்தெழுதலுக்குப் பிறகு மேல்வீட்டில் ஜெபித்தவர்களில் மரியாளும் அந்தச் சகோதரர்களும் இருக்கிறார்கள் (அப்போஸ்தலர் 1:14). தேதி குறித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிற காரியம் அல்ல இது.

வீட்டார் கடைசிவரை மாறாமலும் போகலாம். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் 203-இல் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட பெர்பெத்துவா, கைக்குழந்தைக்காரி, வயது 22 அளவில். தகப்பன் சிறைக்கு வந்து கையை முத்தமிட்டு, காலில் விழுந்து கெஞ்சுகிறார். அவள் விசுவாசத்தை விடவில்லை. ஆனால் அவரை அதிகாரி தடியால் அடிக்கச் சொன்னபோது, தன்னையே அடித்ததுபோல் வலித்தது, அவருடைய முதுமையை நினைத்து வருந்தினேன் என்று தன் சிறைக் குறிப்பில் பதிந்திருக்கிறாள். இயேசுவின் நிமித்தம் தகப்பனை மறுத்தவள், தகப்பனை வெறுக்கவில்லை.

கடைசியாக, ‘வீட்டை விட்டு வா’ என்று சொல்கிறவர்களிடம் மாற்கு 10:29, 30-ஐ விரித்துக் காட்டுங்கள். வீட்டை விட்டவனுக்கு இம்மையிலேயே வீடுகள், சகோதரர், சகோதரிகள், தாய்கள், பிள்ளைகள், நிலங்கள் நூறத்தனையாக, துன்பங்களோடேகூட வரும் என்கிறது. அந்த வீடும் தாயும் வானத்திலிருந்து இறங்குவதில்லை, சபையார்தான் அவை. எனவே கேளுங்கள்: என்னை வீட்டை விட்டுத் துரத்தினால் அன்று இரவு யார் வீட்டில் படுப்பேன்? என் படிப்புக்கோ வேலை கிடைக்கும்வரை சாப்பாட்டுக்கோ யார் பொறுப்பு? என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தால் உங்களில் யார் கூட வருவீர்கள்? பேர் சொல்லிப் பதில் வந்தால் அது அந்த வசனத்தை நம்புகிற சபை. பேர் வரவில்லை என்றால் அம்மாவோடேயே இருங்கள்; ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குப் போய்விட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்து அவருடன் சாப்பிடுங்கள்.