பேஸ்மென்றில் முதல் வின்ரர்

தம்பி,

நீங்கள் கேட்டது நாலு கேள்வி. நீங்கள் எழுதியது இது: ஏப்ரலில் கனடாவுக்கு வந்தோம், மனைவியும் மூன்று வயது மகளும் நானும் ரொறன்ரோவில் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் இருக்கிறோம், வின்ரரில் நாள்கணக்கில் கரண்ட் போகும், கடையில் சாமான் இராது என்று ஆட்கள் வெருட்டுகிறார்கள். ஜெனரேற்றர் வாங்கவேண்டுமா, எத்தனை மூட்டை அரிசி வாங்கி அடுக்கலாம், ஹீற்றர் நின்றுவிட்டால் பார்பிக்யூ அடுப்பில் கரி போட்டு அறைக்குள் வைக்கலாமா, பழைய கார் ஒன்று வாங்கினால் குளிரைத் தாங்குமா.

மூன்றாவதை வாசித்ததும் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன். மற்ற மூன்றையும் போகிற போக்கில் பார்ப்போம்.

வைக்கக்கூடாது. கரி அடுப்பு மட்டுமல்ல, பார்பிக்யூ, காட்டுக்குக் காம்பிங் போகிறவர்கள் கொண்டுபோகும் காஸ் அடுப்பு, ஒன்றையும் உள்ளே வைத்துக் குளிர் காயக்கூடாது. மேல்வீட்டுக்காரரின் காஸ் அடுப்பை எரியவிட்டு வீட்டைச் சூடாக்குவதும் அதே கதைதான். இவற்றிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. முதலில் தலையிடி, பிறகு ஓங்காளம், பிறகு நித்திரை. அந்த நித்திரையிலிருந்து எழும்பாத குடும்பங்கள் இந்த நாட்டில் உண்டு. ஊரில் குசினிக் கூரைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு முழம் இடைவெளி இருக்கும், புகை தன்பாட்டில் போய்விடும். இங்கே வீடு கட்டுவது, குளிர் நுழையாதபடி சோடாப் போத்தலை மூடுகிற மாதிரி. உள்ளே வந்த புகையும் வெளியே போகாது.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன், செய்தும் பார்த்தேன்.

1997 ஒக்ரோபரில் மொன்றியலில் வந்து இறங்கினேன். ஒரு படுக்கையறை வீட்டில் ஆறு பெடியள். அடுத்த ஜனவரி 5ஆம் திகதி மழை தொடங்கியது. மழை என்றால் விழுகிறபோது தண்ணீர், பட்ட இடத்தில் கண்ணாடி. மரக்கிளை, வயர், படிக்கட்டு எல்லாம் விரல் மொத்தத்தில் ஐஸ். விட்டு விட்டு நாலைந்து நாள் பெய்தது. சில இடங்களில் 100 மில்லிமீற்றர் அளவு. பாரம் தாங்காமல் ஆயிரம் அளவில் இரும்பு மின்கோபுரங்கள் மடிந்து விழுந்தன. கியூபெக்கில் மட்டும் சுமார் 14 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. மொன்றியலுக்குத் தெற்கே சான் யசான்ட், கிரான்பி, சான் ஜான் என்று மூன்று ஊர்களை இணைத்து 'கறுப்பு முக்கோணம்' என்றே பெயர் வைத்தார்கள். அங்கே சில வீடுகளுக்கு வெளிச்சம் வர ஒரு மாதம் எடுத்தது.

எங்கள் கட்டடத்தில் விளக்கு அணைந்த அன்று நாங்கள் ஆறு பேரும் சிரித்தோம். 1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் கரண்ட் இருக்கவில்லை. பற்றரிக்குத் தடை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, நாலு சொட்டு மண்ணெண்ணெயில் விடிய விடியப் படித்து ஏ.எல். எழுதினவன் நான். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். வெள்ளைக்காரன் இரண்டு நாள் கரண்ட் போனதுக்கு இந்தப் பாடு படுகிறானே என்று நக்கல் அடித்தோம்.

ஊரில் கரண்ட் இல்லாவிட்டால் இருட்டு. அவ்வளவுதான். இங்கே கரண்ட் இல்லாவிட்டால் சூடு இல்லை. அது எங்களுக்கு மூன்றாம் நாள் இரவு விளங்கியது. மொன்றியலில் பெரும்பாலான வீடுகளுக்குச் சுவரடியில் ஓடுகிற மின்சார ஹீற்றர்தான். வீட்டுக்குள் கதைத்தால் வாயால் புகை வந்தது. எங்களில் ஒருவர் எங்கிருந்தோ ஒரு சின்னக் கரி அடுப்பைத் தூக்கி வந்தார். மூட்டினோம். சுகமாக இருந்தது. சூடு போகக்கூடாது என்று கதவடியில் சாரத்தைச் சுருட்டி வேறு அடைத்தோம். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

தலையிடி வந்தபோது குளிர் என்றோம். ஒருவன் சத்தி எடுத்தபோது மத்தியானம் தின்ற ரின் மீனைப் பழி சொன்னோம். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த ஒரு கியூபெக் அம்மா மெழுகுதிரி கேட்டோ கொடுக்கவோ வந்து கதவைத் தட்டியிருக்கிறார். திறக்க எழும்பினவன் வாசலிலேயே சரிந்து இருந்துவிட்டான். அந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் முழுக் கட்டடமும் எழும்பியது. எங்களுக்குத் தெரிந்த பிரெஞ்சு 'மெர்சி' ஒன்றுதான். அவர் யன்னல் எல்லாவற்றையும் திறந்து, கையுறையோடு அடுப்பைத் தூக்கிப் பல்கனியில் எறிந்து, எங்களை ஒவ்வொருவராகச் சேர்ட்டில் பிடித்து வெளியே இழுத்தார். நாங்கள் 'மெர்சி, மெர்சி' என்றுகொண்டு நின்றோம். அந்தப் புயலில் கனடாவில் முப்பது பேர் அளவில் இறந்தார்கள். குளிரும் இந்தப் புகையும் அதில் பெரிய பங்கு எடுத்தன. அந்தக் கணக்கில் நாங்கள் ஆறு பேரும் சேராமல் போனதற்கு அந்த அம்மாதான் காரணம்.

அடுத்த நாள் நடந்ததையும் சொல்லவேண்டும். உதவிக்கு 15,000க்கும் மேற்பட்ட படையினரை இறக்கியிருந்தார்கள், எங்களுக்கு அது தெரியாது. படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். கதவு இடுக்கால் பார்த்தால் பச்சைச் சட்டை. ஊரைவிட்டு வந்து ஆறு மாதம்கூட ஆகாதவர்கள் எங்களுக்குள் இருந்தார்கள். இரண்டு பேர் குளியலறைத் தொட்டிக்குள் திரைக்குப் பின்னால் போய்ப் படுத்துவிட்டார்கள். மிச்சப் பேர், வாசலில் நின்ற ஆமிக்காரன் வாய் திறக்க முன்னமே, அகதிக் கோரிக்கைப் பேப்பரை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினோம். அந்தப் பெடியனுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். பேப்பரைப் பார்க்கவே இல்லை. வயதானவர்கள், குழந்தைகள் இருக்கிறார்களா, பள்ளிக்கூடத்தில் சூடான இடமும் சாப்பாடும் இருக்கிறது, வருகிறீர்களா என்றுதான் கேட்டான். 'நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்' என்று அனுப்பிவிட்டு, இன்னும் ஒரு இரவு குளிரில் கிடந்தோம். போனால் அகதிக் கேஸ் பாதிக்கும் என்று ஒரு அறிவாளி சொல்லியிருந்தார்.

அந்த அறிவாளிகள் இப்போதும் இருக்கிறார்கள். இப்போது ஃபேஸ்புக்கில் இருக்கிறார்கள். அதனால் நேராகச் சொல்கிறேன்: கரண்ட் போய் வீடு குளிர்ந்தால் நகரசபை சமூக நிலையங்களைத் திறக்கும். 311க்கு அடித்தால் எங்கே என்று சொல்வார்கள். விசிற்றர் விசாவோ, கோரிக்கை நிலுவையோ, அதைப் பார்த்துச் சேவையை மறுப்பதில்லை என்பது 2013இலிருந்து ரொறன்ரோ நகரசபையின் கொள்கை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

இனி பேஸ்மென்ற். மண்ணுக்குள் இருப்பதால் அது மேல்வீட்டைவிட மெதுவாகத்தான் குளிரும், அது நல்லது. ஆனால் சூட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டி மேலே, வீட்டுக்காரரின் கையில். காஸ் ஹீற்றர்தானே, கரண்ட் போனால் என்ன என்று அவர் சொல்வார். நானும் சொன்னேன். 2013 டிசம்பரில் ரொறன்ரோவில் அதே உறைமழை. மூன்று லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லை. அப்போது எனக்கு ஸ்காபரோவில் சொந்த வீடு. காஸ் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் சூட்டைக் குழாய்வழி ஊதுகிற விசிறிக்குக் கரண்ட் வேண்டுமே! நாலு நாள். எதிர்ப்பக்க வீடுகளில் நத்தார் விளக்கு மின்னி மின்னி எரிந்தது, அதுதான் கூடுதல் வயிற்றெரிச்சல்.

வீட்டுக்காரரிடம் இந்தக் கிழமையே கேளுங்கள்: பிரேக்கர் பெட்டி எங்கே, தண்ணீரின் பிரதான வால்வ் எங்கே, நிலத்தடித் தண்ணீரை இறைக்கும் பம்ப் இருக்கிறதா (கரண்ட் போனால் அதுவும் நிற்கும், பாயைச் சுருட்டவேண்டி வரும்), கார்பன் மொனொக்சைட் அலாரம் எங்கே. கடைசியானது அவருடைய தயவு இல்லை. காஸ் எரியும் வீட்டில் படுக்கையறைப் பக்கம் அது இருக்கவேண்டும் என்று 2014இல் ஒன்ராறியோ சட்டமே கொண்டுவந்தது. எங்கள் ஆட்களைப் பற்றி எழுத மனமில்லைத்தான், ஆனாலும் எழுதுகிறேன். ஊருக்குக் கோயில் கட்டக் காசு அனுப்புகிறவர், கீழே வாடகைக்கு இருக்கிற குடும்பத்துக்கு ஒரு அலாரம் பூட்டமாட்டார். கேட்டால் 'நாங்களும் இப்படித்தானே வந்தோம்' என்பார். நாங்கள் இப்படி வந்தது வாஸ்தவம். அதற்காக நீங்களும் சத்தி எடுக்கவேண்டும் என்று இல்லை. யன்னல் உள்ளிருந்து திறக்கிறதா என்றும் பாருங்கள், அதற்கு முன்னால் சினோ, அதாவது பனி, குவிந்தால் வழியுங்கள்.

சாமான் விஷயத்துக்கு அதிகம் மெனக்கெடாதீர்கள். அரிசி மூட்டை வாங்கி என்ன செய்வீர்கள், மின்சார அடுப்பு வேலை செய்யாதபோது எதில் அவிப்பீர்கள்? 2020 மார்ச்சில் ஆட்கள் ரொயிலற் பேப்பருக்கு அடிபட்டபோது எங்கள் சொந்தக்காரர் ஒருவர் எட்டு மூட்டை அரிசி அடுக்கினார். இரண்டு மூட்டையைத் தின்றார்கள், மிச்சத்தை வண்டு தின்றது. அவிக்காமல் தின்னக்கூடியதை மூன்று நாளுக்கு வைத்திருங்கள். பாண், ரின் மீன், அவல், சீனி, பேரீச்சம்பழம், விசுக்கோத்து, பிள்ளைக்குப் பால்மா, காய்ச்சல் மருந்து. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு லீற்றர். 1998இல் மொன்றியலில் சுத்திகரிப்பு நிலையங்களுக்கே கரண்ட் போய், குழாயில் தண்ணீர் தீர்ந்துவிடும் என்ற கட்டம் வந்தது. கொஞ்சம் காசு நோட்டாகக் கையில் இருக்கட்டும், கார்ட் மெஷின் அப்போது வேலை செய்யாது. ஒரு தலை ரோர்ச், பற்றரி, பவர் பாங்க்.

குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம் தாங்கும். நிரம்பிய ஃப்ரீசர் இரண்டு நாள். 2013இல் என் மனைவி ஆட்டிறைச்சிக் கறியைச் சட்டியோடு பின் தளத்தில் சினோவுக்குள் புதைத்தார், இயற்கை ஃப்ரிட்ஜ் என்று. காலையில் ரக்கூன் சட்டியைக் கழுவி வைத்த மாதிரி நக்கியிருந்தது.

கெட்டுப்போன சாப்பாட்டுக்கு ஈடாக அப்போது மாகாண அரசு கடைக்குரிய பரிசு அட்டை கொடுத்தது. இல்லாதவர்களுக்கு என்றுதான் கொடுத்தார்கள். வரிசையில் நின்ற எங்கள் ஆட்களில் இரண்டு வீடும் மூன்று காரும் வைத்திருந்தவர்களைக் கண்ணால் கண்டேன். அட்டை தீர்ந்துபோய்க் கைக்குழந்தையோடு திரும்பிப் போனவர்களையும் கண்டேன். இதே ஆட்கள்தான் இப்போது, புதிதாக வந்தவர்கள் அரசாங்கத்தை உறிஞ்சுகிறார்கள் என்று கலியாண வீட்டில் கதைப்பது. காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

குளிர்ந்தால் மூன்று பேரும் ஒரு சின்ன அறைக்குள் வாருங்கள், கதவைச் சாத்துங்கள், தொப்பி போட்டுக்கொண்டு ஒன்றாகப் படுங்கள். உள்ளே உரசாத பெனியன், அதற்குமேல் கம்பளி, அதற்குமேல் ஜக்கற். மெழுகுதிரி பிள்ளை இருக்கிற வீட்டில் வேண்டாம். எனக்கு ஜாம் போத்தல் விளக்கு செய்யத் தெரியும், இப்போதும் ஒன்று அலுமாரியில் இருக்கிறது, ஆனால் கொளுத்துவதில்லை.

காருக்கு வின்ரர் ரயர் போடுங்கள், பெற்றோலை அரை ராங்குக்குக் குறையவிடாதீர்கள், கரண்ட் இல்லாவிட்டால் பெற்றோல் பம்பும் ஓடாது. சூடேற்றுகிறேன் என்று கராஜுக்குள் வைத்து ஓடவிடாதீர்கள். வேறு ஒன்றும் சொல்ல எனக்குக் காரைப் பற்றித் தெரியாது. ஜெனரேற்றரையும் கராஜுக்குள் ஓடவிடக்கூடாது. 2013இல் ரொறன்ரோவுக்குக் கிழக்கே நியூகாசிலில் கராஜுக்குள் அதை ஓடவிட்டு இரண்டு பேர் இறந்தார்கள். வாடகை பேஸ்மென்றில் இருக்கிற உங்களுக்கு அதை வைக்க இடமும் இல்லை, அந்தக் காசும் இல்லை. அதில் பத்தில் ஒரு பங்குக்கு மகளுக்கு நல்ல சினோ சூட்டும் பூட்ஸும் வாங்கலாம்.

வீட்டுக்காரர் அலாரத்தை நாளைக்கு, நாளன்றைக்கு என்று இழுத்தால் காத்திருக்கவேண்டாம். பற்றரியில் ஓடுகிறதாகப் பார்த்து நீங்களே வாங்குங்கள், சண்டையைப் பிறகு பிடிக்கலாம். கட்டிலுக்குக் கிட்டப் பூட்டிவிட்டுப் பட்டனை ஒருதரம் அமத்திப் பாருங்கள். காது கிழிகிற சத்தம், பிள்ளை பயந்து அழும். அழட்டும்.