கவுன்சலிங்குக்கு ‘சோஷியல் வொர்க்கரிடம்’ போகலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். குழந்தை பிறந்து நான்கு மாதமாகிறது. அடிக்கடி அழுகை வருகிறது. டாக்டர் ஒரு எல்.சி.எஸ்.டபிள்யூ.விடம் (மனநல சிகிச்சை தர லைசென்ஸ் பெற்ற சமூகப்பணியாளர், அதாவது சோஷியல் வொர்க்கர்) கவுன்சலிங் போகச் சொன்னார். “சோஷியல் வொர்க்கர்தானே, அவருக்கு என்ன தெரியும்? நாம் பேசுவது வெளியே போய்விடாதா?” என்கிறார் என் கணவர். போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம், தள்ளிப்போடாதீர்கள். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால், அந்த நிமிடமே தற்கொலை, மனநெருக்கடி உதவி எண்ணான 988-ஐ அழையுங்கள்.

உங்கள் கணவரின் சந்தேகம் நூறு வருடப் பழசு. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 1905-லேயே சமூகப்பணியாளர்கள் நோயாளிகளைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனாலும் 1915-ல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் என்ற கல்வியாளர், சமூகப்பணியாளர்கள் கூடிய மாநாட்டிலேயே, இது இன்னும் தனித் தொழில்துறை ஆகவில்லை என்று பேசினார். அந்த அங்கீகாரத்துக்காகச் சங்கம் வைத்து மாநிலம் மாநிலமாகக் கேட்டார்கள். 1945-ல் கலிஃபோர்னியா பதிவு முறையைக் கொண்டுவந்தது. எல்லா மாநிலங்களிலும் சட்டம் வர 1990-கள் ஆகிவிட்டது. இன்று எல்.சி.எஸ்.டபிள்யூ. லைசென்ஸுக்கு முதுகலைப் பட்டம், அப்புறம் மேற்பார்வையில் சில ஆண்டு சிகிச்சை அனுபவம், தேர்வு எல்லாம் வேண்டும். மருந்து மட்டும் இவர்கள் எழுத மாட்டார்கள். தேவைப்பட்டால் டாக்டரிடம் அனுப்புவார்கள்.

சரி, ரகசியம்? இதற்காக ஒரு வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1991-ல் இல்லினாய்ஸில் மேரி லூ ரெட்மண்ட் என்ற போலீஸ் அதிகாரி, சண்டை நடந்த இடத்தில் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். பிறகு மனம் தேற ஒரு எல்.சி.எஸ்.டபிள்யூ.விடம் சுமார் 50 முறை பேசினார். இறந்தவரின் குடும்பம் வழக்குப் போட்டு, அந்தப் பேச்சின் குறிப்புகளைக் கேட்டது. ரெட்மண்டும் அந்தச் சமூகப்பணியாளரும் தர மறுத்தார்கள். 1996-ல் ஏழு நீதிபதிகள் அவர்கள் பக்கம் நின்றார்கள், இருவர் எதிர்த்தார்கள். மனநல மருத்துவருக்குச் செலவழிக்க முடியாத ஏழைகளும் நடுத்தர மக்களும் நாடிப் போவது சமூகப்பணியாளர்களைத்தான். ஆகவே அவர்களுக்கும் அதே ரகசியப் பாதுகாப்பு வேண்டும் என்றது தீர்ப்பு. இந்தத் துறையின் வரலாற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமான வரி இதுதான். பணம் குறைவாக இருப்பவரின் கண்ணீருக்கும் அதே மரியாதை கிடைத்தது.

விதிவிலக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து, குழந்தை வதை போன்றவற்றை அவர்கள் தெரிவித்தாக வேண்டும். அழுகை வருகிறது, தூக்கமில்லை, களைத்துவிட்டேன் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. பயமில்லாமல் சொல்லுங்கள்.

போகும் முன் மாநில லைசென்ஸ் வாரியத்தின் இணையதளத்தில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். எல்.எஸ்.டபிள்யூ. (எல்.சி.எஸ்.டபிள்யூ.வுக்கு முந்தைய படி லைசென்ஸ்) என்று மட்டும் இருந்தால், யார் மேற்பார்வையில் சிகிச்சை தருகிறார் என்று கேளுங்கள். உங்கள் இன்சூரன்ஸை ஏற்கிறாரா என்பதையும் போனிலேயே கேட்டுவிடலாம். முடிந்தால் முதல் நாள் கணவரையும் கூட்டிப் போங்கள். ரகசியம் பற்றிய கேள்வியை அவரே நேரில் கேட்கட்டும்.