‘எல்லா உரிமைகளும்’ என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: மதுரையில் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு பாட்டு செய்து யூடியூபில் போட்டோம். ஒருவர் வரிகள் எழுதினார், மெட்டு நான் போட்டேன், இன்னொருவர் பாடினார். நன்றாக ஓடுகிறது. ஓர் இசை நிறுவனம் 40,000 ரூபாய்க்குக் கேட்கிறது. ஒப்பந்தத்தில் ‘எல்லா உரிமைகளும், உலகம் முழுவதும், நிரந்தரமாக’ என்று இருக்கிறது. ஸ்டுடியோவுக்கு 30,000 பாக்கி. கையெழுத்துப் போடலாமா? பாட்டின் இணைப்பையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: இந்த வாசகத்தோடு போடாதீர்கள்.

பாக்கி நெருக்கும்போது 40,000 பெரிய தொகைதான். ஆனால் நீங்கள் ஒரு பாட்டு என்று நினைப்பதைச் சட்டம் மூன்று சொத்தாகப் பார்க்கிறது. வரிகள் ஒன்று, மெட்டு ஒன்று, பதிவான ஒலி மூன்றாவது. வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவரின் ஆயுள் முழுக்க, அப்புறம் 60 வருடம் வரை உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 வருடம். அத்தனையையும் ஒரே கையெழுத்தில் கேட்கிறார்கள்.

நம் நாட்டில் இசைச் சந்தை என்றாலே சினிமாப் பாட்டு என்று ஆகிவிட்டது. தயாரிப்பாளர் பணம் போடுவார், இசை நிறுவனம் மொத்தமாக வாங்கும். அதே படிவத்தைச் சொந்தக் காசில் பாட்டு செய்கிறவர்களிடமும் நீட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை, அதாவது பாட்டைப் பயன்படுத்தும்போதெல்லாம் வரும் பணத்தில் தங்கள் பங்கை, நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது. உரிமையை எழுதிக் கொடுத்தாலும் வாங்கியவரோடு சரிபங்கு உண்டு. மாறாக எழுதிய ஷரத்து செல்லாது. பண்பலை வானொலிகளும் இவர்களுக்கு ராயல்டி தர வேண்டும் என்று 2023 ஏப்ரலில் மும்பை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவே போட்டது. ஆனால் ஒலிப்பதிவுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. எழுதிக் கொடுத்தால் போனதுதான். அதனால் அதைத்தான் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

நிறுவனத்திடம் ‘விற்கவில்லை, மூன்று வருட உரிமம் தருகிறோம்’ என்று சொல்லிப் பாருங்கள். தொகை குறையும், குறையட்டும். விற்றே ஆக வேண்டும் என்றால் இதைக் கவனியுங்கள்: ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் சட்டம் அதை 5 வருடம் என்றே கொள்ளும். எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும். ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’ என்ற இரண்டும் அந்தப் பாதுகாப்பைப் பறிக்கத்தான் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. அடித்துத் திருத்தி அனுப்புங்கள். அடுத்து வரும் பாடல்களும் தங்களுக்கே என்று எங்காவது இருந்தால் அதையும் அடியுங்கள். திருத்திய பிரதியை ஒரு வழக்கறிஞர் படிக்கட்டும்.

பாட்டைக் கேட்டேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் உறுமி தனியாக எழும்புகிறதே, அந்த இடம்தான் பாட்டைத் தூக்கி நிறுத்துகிறது. அடித்தவர் யார்? யூடியூப் விவரத்தில் அவர் பெயரே இல்லை, உங்கள் கடிதத்திலும் இல்லை. சட்டப்படி பாடியவரைப் போல அவரும் நிகழ்த்துக் கலைஞர். பாட்டு வணிகமாகும்போது ராயல்டி கேட்கும் உரிமை அவருக்கும் உண்டு. ஒரு நாள் கூலி கொடுத்து அனுப்பிவிடுவது நம் ஊர் வழக்கம். உங்களுக்கு நடக்கக் கூடாது என்று நினைப்பதை அவருக்கு நீங்கள் செய்யாதீர்கள்.

அதற்கு ஒரு ஏ4 தாள் போதும். வரிகள், மெட்டு, குரல், உறுமி என்று வரிசையாகப் பெயர், பங்கு சதவீதம், தேதி, கையெழுத்து. காசு வந்த பிறகு இதை எழுத உட்கார்ந்தால் நட்பு கெடும். இப்போதே எழுதுங்கள்.

பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் பாடலாசிரியரும் நீங்களும் சேருங்கள். சேர்ந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் பங்கு விவரத்தோடு பதிய வேண்டும். பதியாத பாட்டுக்கு வரும் பணம் யாருடையது என்று தெரியாமல் நிற்கும். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பும்போது ஒலிப்பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி என்ற, அந்தப் பதிவை அடையாளம் காட்டும் 12 இடக் குறியீடு (எழுத்தும் எண்ணும் கலந்தது) கிடைக்கும். அதையும் அந்தத் தாளிலேயே குறித்து வையுங்கள்.

ஸ்டுடியோ பாக்கிக்குத் தவணை கேளுங்கள். நிறுவனத்துக்குப் பதில் அனுப்புவதற்கு முன்னால் உறுமிக்காரரைப் போய்ப் பார்த்து, தாளில் அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.