போருக்குப் பிந்தைய ஜப்பானியத் தெருப் புகைப்படங்களின் வின்டேஜ் பிரின்ட்களைச் சேகரிக்க எங்கிருந்து தொடங்குவது?

பிரின்ட்டின் முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். படம் எடுத்த காலத்தையொட்டியே போட்ட வின்டேஜ் பிரின்ட்களைத் தேடுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

1950, 60களின் ஜப்பானில் சுவரில் மாட்டுவதற்கென்று பிரின்ட் போட்டவர்கள் குறைவு. படம் போய்ச் சேர வேண்டிய இடம் பத்திரிகை, அல்லது புத்தகம். ஷோமெய் தோமாட்சு, தைதோ மொரியாமா போன்ற புகைப்படக்காரர்களின் படங்களை வாசகர்கள் பார்த்தது பெரும்பாலும் 'அசாஹி கேமரா', 'கேமரா மைனிச்சி' போன்ற மாத இதழ்களில்தான். பிரின்ட் அச்சகத்துக்குப் போகும்; அச்சுத் தகடு தயாரானதும் அதன் வேலை முடிந்துவிடும். பத்திரமாக வைக்க வேண்டிய பொருளாக அதை யாரும் நினைக்கவில்லை. புகைப்படங்களுக்கென்றே ஸைட்-ஃபோட்டோ சலோன் என்ற விற்பனைக் காலரி டோக்கியோவில் திறந்ததே 1978இல்தான். 'ப்ரொவோக்' என்ற புகைப்பட இதழைத் தொடங்கியவர்களில் ஒருவரான தகுமா நகாஹிரா, 1973இல் தன் நெகட்டிவ்களிலும் பிரின்ட்களிலும் பெரும்பகுதியை எரித்தே விட்டார். அந்தக் காலப் பிரின்ட்கள் இன்று அரிதாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே மூலை மடிந்து, ஓரத்தில் படத்தை எதுவரை வெட்டி அச்சிட வேண்டும் என்று சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, பின்னால் பத்திரிகையின் முத்திரையும் பக்க எண்ணும் உள்ள பிரின்ட்டைச் சேதமடைந்தது என்று ஒதுக்காதீர்கள். அந்தப் படத்தின் பிறப்புச் சான்றிதழே அதுதான். பளபளவென்று மாசில்லாமல் கையெழுத்துடன் வருகிற பிரின்ட்டைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். மொரியாமா தன் பழைய நெகட்டிவ்களிலிருந்து பிற்காலத்திலும் பிரின்ட்கள் போட்டிருக்கிறார். அவை நல்ல பிரின்ட்கள், விலையும் பொதுவாகக் குறைவு. ஆனால் வின்டேஜ் என்பது படம் எடுத்த காலத்தையொட்டிப் போட்டது. கையெழுத்து இருப்பதாலேயே எதுவும் வின்டேஜ் ஆகிவிடாது.

தாளையும் கவனியுங்கள். பிளாஸ்டிக் பூசிய கறுப்பு வெள்ளைத் தாள் பரவியது 1970களில். அதில் உள்ள பிரின்ட்டை 1960இல் போட்டது என்று ஒருவர் விற்றால் வாங்காதீர்கள். புற ஊதா விளக்கில் பளிச்சென்று நீலமாக ஒளிரும் தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் உண்டு. அது 1950களில்தான் தாள்களில் வரத் தொடங்கியது. எனவே போர் முடிந்த கையோடு எடுத்த படங்களுக்கு இந்தச் சோதனை மிகவும் உதவும். 1968ஆம் ஆண்டுப் பிரின்ட்டுக்கு இதனால் எதையும் நிரூபிக்க முடியாது. அவசரத்தில் சரியாகக் கழுவாத பிரின்ட்களில் மஞ்சள் கறை பின்னாளில் பரவும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: பிரின்ட்டில் தொடங்காதீர்கள், இதழ்களில் தொடங்குங்கள். டோக்கியோவின் கண்டா-ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைகளில் அந்தக் காலக் கேமரா இதழ்களைத் தேடலாம். 1968, 69இல் மூன்றே இதழ்கள் வந்த 'ப்ரொவோக்' மட்டும் இப்போது எட்டாத விலை. மற்ற இதழ்களை வாங்கி, எந்தப் படம் எந்த மாதம் எப்படி வெட்டப்பட்டு வெளியானது என்று குறித்து வையுங்கள். ஒரு பிரின்ட் விற்பனைக்கு வரும்போது, அதன் பின்பக்கக் குறிப்புகளை அந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து நீங்களே முடிவெடுக்கலாம்.