கல்லில் குடியிருக்கும் காற்றுச்செடி: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டில்லான்சியா அயோனாந்தா என்ற காற்றுச்செடி பற்றியவை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளில் மரத்திலும் பாறையிலும் மண்ணே இல்லாமல் வளரும், உள்ளங்கையில் அடங்கும் செடி. அன்னாசியின் குடும்பம்.

திருப்பூர்: எங்க வீட்டுல போர் தண்ணிதானுங்க அக்கா. தெளித்தால் இலையில் வெள்ளையாகப் படிகிறது. பரவாயில்லையா?

இன்றோடு நிறுத்திவிடுங்கள். இதன் வேர் கல்லைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான். தண்ணீர் குடிப்பவை இலைமேல் இருக்கும் பொடிச் செதில்கள். உப்பு அவற்றை அடைத்துவிடும். ஆனால் அந்தச் செதில்களே வெள்ளி நிறம் என்பதால், உப்புதானா என்று முதலில் பாருங்கள். நனைத்ததும் இலை பச்சையாகத் தெரிந்தால் அது செதில். நனைத்த பிறகும் வெள்ளை அப்படியே இருந்தால் உப்பு. மொட்டைமாடியில் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையைப் பிடித்து மூடி வையுங்கள். ஆர்.ஓ. தண்ணீரும் ஆகும், அது வெளியே தள்ளும் கழிவுநீர் வேண்டாம். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

உடுமலை: எத்தனை நாளுக்கு ஒருக்கா தண்ணி விடணுங்க?

உங்கள் ஊருக்குத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று, காற்றாடிகளைச் சுற்றுவது போலவே செடியின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். அப்போதும் சித்திரை வெயிலிலும் வாரம் இரண்டு முறை, 20 நிமிடம் முழுக்க முக்கி வையுங்கள். ஐப்பசி அடைமழையில் பத்து நாளுக்கு ஒரு முறை போதும்.

காலையில் மட்டும் செய்யுங்கள். இந்தச் செடி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் கரியமில வாயுவை இழுக்கும். இரவில் ஈரம் போர்த்தியிருந்தால் அதற்கு முட்டும். எடுத்ததும் தலைகீழாக உதறுங்கள், நான்கு மணி நேரத்துக்குள் காய வேண்டும். தண்ணீர் இல்லாமல் செத்ததைவிட, காயாமல் அழுகியதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கோவை: பிறந்தநாளுக்குக் கண்ணாடிக் குடுவையில் வந்தது. அடி கறுத்து, தொட்டால் இலை கழன்று வருகிறது.

குருத்து அழுகிவிட்டதம்மா, இனி மீளாது. அடுத்ததைக் குடுவையில் வைக்காதீர்கள்.

காங்கேயம்: எந்தக் கல்லில், எப்படிக் கட்டுவது?

வெங்கச்சங்கல், கருங்கல் எதுவானாலும் சரி, சொரசொரப்பாகவும் தண்ணீர் தேங்கும் குழி இல்லாமலும் இருக்கட்டும். தூண்டில் நரம்பால் தளர்வாகக் கட்டுங்கள். ஆரம்பத்தில் மோட்டார் காயில் சுற்றும் செம்புக் கம்பியில் ஆறு செடிகளைக் கட்டினேன், ஆறும் போயின. செம்பு இந்தக் குடும்பத்துக்கே நஞ்சு. அந்த வலி இன்னும் இருக்கிறது, நீங்கள் செய்துவிடாதீர்கள்.

ஈரோடு: நடு இலைகள் சிவந்துவிட்டன. நோயா அக்கா?

இல்லை சாமி, பூக்கப் போகிறது! ஊதாப் பூ வரும். வாழ்நாளில் ஒரே முறைதான் பூக்கும், அப்புறம் அடியில் குட்டிகள் விடும். தாயில் மூன்றில் ஒரு பங்கு அளவு வரும்வரை பிரிக்க வேண்டாம்.

கோபி: என்னுடையது பஞ்சு போல வெளுத்திருக்கிறது. இதையும் முக்கலாமா?

அது டில்லான்சியாவிலேயே வேறு வகை, டெக்டோரம். ஈக்வடார், பெரு மலைப்பாறைகளில் வெயிலிலும் காற்றிலும் இருப்பது. முக்காதீர்கள், வாரம் ஒரு முறை காலையில் லேசாகத் தெளித்தால் போதும். வயலும் வாய்க்காலும் சூழ்ந்த உங்கள் ஊர் ஈரத்துக்கு, காற்றோட்டமான ஜன்னலோரம்தான் அதற்கு இடம்.